இருபத்திரண்டாம் எண் லென்ஸ்

பிஷ்கெக்
2001 நவம்பர் 9

அக்மரல் அப்பாவுக்கு,

நாங்கள் வந்து சேர்ந்து ஆறு நாள் ஆகிறது. இன்றுதான் எழுத உட்கார முடிந்தது. மலை இறங்கும்போது பஸ் இரண்டு இடத்தில் நின்றுவிட்டது. அக்மரல் மூன்று தடவை வாந்தி எடுத்தாள். நூர்ஜான் அக்கா வீட்டில் ஒரே அறை, அதில் ஏற்கெனவே ஐந்து பேர். நாங்கள் கதவோரம் படுக்கிறோம். யார் வெளியே போனாலும் எங்களைத் தாண்டித்தான் போக வேண்டும். பெரியப்பா மகள் என்பதால் அக்கா முகம் சுளிக்கவில்லை. அவள் மாமியார் சுளிக்கிறாள். அதுவும் நியாயம்தான்.

கண் ஆஸ்பத்திரிக்கு தினமும் போகிறோம். ஊர் நர்ஸ் சொன்னது சரிதான், நம் அக்மரலுக்கு இரண்டு கண்ணிலும் புரை. உங்களுக்கு இருந்த அதே வகை. "அப்பா வழியா, அம்மா வழியா?" என்று டாக்டர் கேட்டார். நான் சொன்னேன், அவர் எழுதிக்கொண்டார், அவ்வளவுதான். யாரும் யாரையும் குறை சொல்லவில்லை. நீங்கள் இந்த வரியைத்தான் முதலில் தேடுவீர்கள் என்று தெரியும், அதனால் எழுதிவிட்டேன்.

டாக்டர் பெயர் வெனெரா. ஐம்பது வயதிருக்கும், குள்ளம், வாயில் பேச்சு நிற்பதே இல்லை. மேசையில் டீ ஆறிக்கொண்டே இருக்கிறது.

"உங்க வீட்டுக்காரருக்கு அந்தக் காலத்துல புரையை எடுத்துட்டு உள்ள ஒண்ணும் வைக்காம விட்டுட்டாங்க. வைக்கறதுக்கு அப்ப ஒண்ணும் இல்ல. இப்ப லென்ஸ் இருக்கு" என்றார். இரண்டு வகை எடுத்துக் காட்டினார். மீன் செதில் அளவுதான் இருக்கிறது. ஒன்று கெட்டி, கண்ணில் பெரிதாகக் கீறித்தான் உள்ளே விட வேண்டுமாம், தையல் போட வேண்டுமாம், குழந்தை கசக்கினால் வம்பு. இன்னொன்று மெத்தென்று இருக்கிறது. மடித்து உள்ளே விட்டால் தானே விரிந்துகொள்ளுமாம். அக்மரலுக்கு அதுதான் என்று முடிவாகிவிட்டது. வெளிநாட்டிலிருந்து ஒரு பெட்டி வந்திருக்கிறது, அதில் இருக்கிறது.

அதற்கப்புறம் அவர் சொன்னதுதான் எனக்குப் புரியவில்லை.

"இன்னிக்கு அவ கண்ணை அளந்தா இருபத்தாறாம் எண் லென்ஸ் சரியா வரும். நான் இருபத்திரண்டு வைக்கலாம்னு இருக்கேன்."

"ஏன் டாக்டரக்கா, இருபத்தாறு தீந்துபோச்சா?"

"பெட்டியில ரெண்டும் இருக்கு. கண்ணு வளரும்மா, லென்ஸ் வளராது. நாலு வயசுக் கண்ணுக்குச் சரியா வச்சா, பதினஞ்சு வயசுல எட்ட இருக்கற எதுவும் அவளுக்குத் தெரியாது. கொஞ்சம் குறைச்சு வச்சா இப்ப கண்ணாடி போடணும். வளர வளர அந்தக் கண்ணாடி பவர் இறங்கிக்கிட்டே வரும்."

அதாவது வேண்டுமென்றே குறைவாக வைப்பது. டிசம்பர் மூன்றாம் தேதி இடது கண், ஒரு மாதம் கழித்து இன்னொன்று. தள்ளிப்போட முடியாது, கண் பார்க்கக் கற்றுக்கொள்ளும் வயது இதுதானாம். இதைத் தவறவிட்டால் பிறகு புரையை எடுத்தாலும் அந்தக் கண்ணுக்குப் பார்க்கத் தெரியாதாம்.

அம்மா அப்பாவில் ஒருவர் கையெழுத்து போதும். உங்கள் வார்த்தை இல்லாமல் போட எனக்கு மனமில்லை. மோல்தோவின் பனிவண்டி மேலே வரும்போது இது உங்கள் கைக்கு வரும். உடனே பதில் கொடுத்தனுப்புங்கள்.

பூருல்


கிசில்-பெல் வானிலை நிலையம்
நவம்பர் 20

பூருல்,

உன் கடிதம் வந்தது. மோல்தோ உருளைக்கிழங்கு மூட்டையை இறக்கிக்கொண்டிருக்கிறான். ஒரு மணி நேரத்துக்கு மேல் நிற்க மாட்டேன் என்கிறான். மைனஸ் பத்தொன்பது. மேற்கிலிருந்து காற்று. அதனால் சுருக்கமாக எழுதுகிறேன்.

குறைந்த லென்ஸ் வேண்டாம். இருபத்தாறு வைக்கச் சொல்.

கண்ணாடி என்றால் என்ன என்று அந்த டாக்டருக்குப் படித்துத் தெரியும். எனக்குப் போட்டுத் தெரியும். ஏழு வயதில் எனக்கு மாட்டினார்கள். பன்னிரண்டு பவர். மூக்கு தாங்காது என்று பின்னால் கால்சட்டை ரப்பரைக் கட்டிவிட்டார்கள். விடுதிப் பள்ளியில் எனக்குப் பெயர் கிடையாது, 'ஆந்தை' தான். பெரிய பையன்கள் என்னைப் பிடித்து வைத்துக்கொண்டு கண்ணாடியைக் கழற்றுவார்கள், வெயிலில் பிடித்துக் காய்ந்த புல்லில் நெருப்பு மூட்டுவார்கள். "ஆந்தை, உன் கண்ணைக் கொஞ்சம் கடன் குடுடா" என்பார்கள். புகை வாசனை எனக்கு வரும், நெருப்பு எங்கே என்று தெரியாது. நெருப்பு பிடித்த பிறகு, கண்ணாடியைப் புல்லுக்குள் எறிந்துவிட்டுப் போவார்கள். நான் கையால் துழாவித் தேடுவேன்.

அவள் இரண்டு வருடத்தில் பள்ளிக்கூடம் போவாள். பதினைந்து வயதில் எட்டத்தில் தெரியாது என்றால் அப்போது கண்ணாடி போட்டுக்கொள்ளட்டும். பதினைந்து வயதுப் பெண் திருப்பி அடிப்பாள். ஆறு வயதுப் பெண்ணால் முடியாது.

இதெல்லாம் என் ரத்தத்திலிருந்து அவளுக்குப் போனது. இந்த ஒன்றாவது அவளுக்குப் போகக் கூடாது. அவர்கள் ஒத்துக்கொள்ளும் வரை கையெழுத்துப் போடாதே.

மோல்தோ ஹாரன் அடிக்கிறான்.

எசென்குல்


பிஷ்கெக்
டிசம்பர் 7

அக்மரல் அப்பாவுக்கு,

உங்கள் கடிதம் முப்பதாம் தேதியே வந்துவிட்டது. அதனால் கிடைக்கவில்லை என்று சொல்ல வழியில்லை. அப்படிச் சொல்லிவிடலாமா என்று யோசித்தேன், அதையும் மறைக்கவில்லை.

மூன்றாம் தேதி காலையில் கையெழுத்துப் போட்டேன். இருபத்திரண்டுக்கு.

முழுதும் படித்துவிட்டுக் கோபப்படுங்கள்.

உங்கள் கடிதத்தை எடுத்துக்கொண்டு டாக்டரிடம் போனேன். "டாக்டரக்கா, அவங்க அப்பா இருபத்தாறுதான் வைக்கணும்ங்கறார்."

"அவரு கண் டாக்டரா?"

"இல்ல, மலை மேல வானிலை பாக்கறவர்."

"சரி, நாளைக்குப் பனி கொட்டுமான்னு நான் அவருக்குச் சொல்லி அனுப்பட்டுமா?"

எனக்கு அழுகை வந்துவிட்டது. அவருக்கே என்னவோ போல ஆகி, நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார வைத்தார். நான் உங்கள் கடிதத்தில் அந்த நெருப்பு மூட்டிய இடத்தைப் படித்துக் காட்டினேன். கோபித்துக்கொள்ளாதீர்கள். அவர் தலையிலிருந்த தொப்பியைக் கழற்றி மடியில் வைத்துக்கொண்டார். அப்புறம் சொன்னார்:

"இருபத்தாறு தப்புன்னு நான் சொல்ல மாட்டேன். அப்படி வைக்கற டாக்டர்களும் இருக்காங்க. அவங்களுக்கும் காரணம் இருக்கு. கண்ணாடியைத் தொடவே தொடாத குழந்தைன்னா அதுதான் நல்லது, ஏன்னா குறைச்ச லென்ஸும் வச்சு கண்ணாடியும் போடலைன்னா கண்ணு சோம்பேறியாயிடும், ரெண்டும் கெட்டான். நீங்க அவளைப் போட வைக்க முடியும்னா இருபத்திரண்டு. முடியாதுன்னா சொல்லுங்க, இருபத்தாறு வச்சுடறேன். உங்க பொண்ணை உங்களுக்குத்தானே தெரியும்?"

அந்த அறையில் நான் ஒருத்திதான் இருந்தேன். யாரைக் கேட்பது? சுவரில் ஒரு பெரிய கண் படம் மாட்டியிருந்தது, அதைப் பார்த்துக்கொண்டே இருந்தேன். அவளுக்கு இருபது வயது, முப்பது வயது ஆகும்போது எது நல்லது என்று நினைத்தேன். "முடியும்" என்றேன். அப்புறம் கையெழுத்துப் போட்டேன்.

ஆபரேஷன் ஒரு மணி நேரத்துக்குக் கொஞ்சம் குறைவு. மறுநாள் கட்டைப் பிரித்தார்கள். வெளிச்சம் கூசி முதலில் அழுதாள். அப்புறம் டாக்டர் குனிந்து விளக்கடித்துப் பார்த்தபோது அழுகையை நிறுத்திவிட்டு, "உங்களுக்கு மீசை இருக்கு" என்றாள். வார்டே சிரித்தது. டாக்டர், "இத்தனை வருஷமா எவனும் சொல்லல, இவ சொல்றா பாரு" என்று மேலுதட்டைத் தடவிக்கொண்டார்.

நான் சிரிக்கவில்லை. உங்களுக்கு எப்படி எழுதுவது என்று யோசித்துக்கொண்டிருந்தேன்.

பூருல்


கிசில்-பெல்
டிசம்பர் 26

பூருல்,

மைனஸ் முப்பத்தொன்று. தெளிவான வானம்.

கண் நல்லபடியாக இருப்பதில் சந்தோஷம்.

உன்னிடம் ஒன்றே ஒன்று கேட்டிருந்தேன். முப்பது வருடமாக நான் மூக்கில் சுமக்கிறதைப் பற்றி, எனக்கு மட்டுமே தெரிந்த ஒரு விஷயத்தைப் பற்றிக் கேட்டிருந்தேன். நீ அதை ஒரு வேற்று ஆளிடம் வாசித்துக் காட்டிவிட்டு அவள் சொன்னதைச் செய்திருக்கிறாய். "யாரைக் கேட்பது" என்று எழுதியிருக்கிறாய். என் பதில் உன் கையில்தானே இருந்தது?

இரண்டாவது கண்ணுக்கும் அதையே வைக்கட்டும். கண்ணுக்கு ஒன்றாக வைக்க முடியாதல்லவா. இனி என்னைக் கேட்க வேண்டாம்.

என்னோடு இருக்கும் கிழவன் ஸ்தெபான், "வீட்டுலேர்ந்து லெட்டர் வந்தா மனுஷன் சிரிக்கணும், நீ என்னடா பல் பிடுங்கினவன் மாதிரி உட்காந்திருக்கே" என்கிறான்.

மோல்தோவிடம் குருத் கொடுத்தனுப்பியிருக்கிறேன். தயிரில் உப்பு குறைவாகப் போட்டு உருட்டிக் காயவைத்தது, அவளுக்கு.

எசென்குல்


பிஷ்கெக்
2002 ஜனவரி 24

அக்மரல் அப்பாவுக்கு,

கேட்க வேண்டாம் என்றீர்கள். கேட்க வேண்டியிருக்கிறது.

எட்டாம் தேதி இரண்டாவது கண்ணும் முடிந்தது. நல்லபடியாக இருக்கிறது. பதினெட்டாம் தேதி கண்ணாடி வந்தது. மூன்றரைதான் பவர், உங்களுடையதில் மூன்றில் ஒரு பங்குகூட இல்லை. கீழே கிட்டத்தில் பார்க்க ஒரு சின்னத் துண்டு. இடது கண் பின்தங்கியிருப்பதால் தினமும் இரண்டு மணி நேரம் வலது கண்ணை ஒட்டி மூடி வைக்க வேண்டும்.

அவள் போட மாட்டேன் என்கிறாள்.

முதல் நாள் சூப்பில் போட்டாள். இரண்டாம் நாள் நூர்ஜான் அக்கா மகனிடம் கொடுத்துவிட்டாள். நேற்று அவன் பூட்சுக்குள் ஒளித்து வைத்தாள். அவன் காலை விட்டு ஒரு கம்பி வளைந்துவிட்டது. பயமுறுத்திப் பார்த்தேன், கெஞ்சிப் பார்த்தேன், திராட்சை வாங்கிக் கொடுத்தேன். ஒரு தடவை கையில் அடித்தும் விட்டேன். நான் கூலிக்குச் சட்டைக் கை தைக்கும் இடத்துக்கு அவளையும் கூட்டிப் போகிறேன். அங்கே பெண்கள் எல்லாரும் "எங்க கண்ணு, போட்டுக் காட்டு பாப்போம்" என்பார்கள். காதை மூடிக்கொண்டு மேசைக்குக் கீழே போய்விடுவாள்.

நேற்று பூட்சிலிருந்து எடுத்த பிறகு அவளை மடியில் வைத்துக் கேட்டேன்: "ஏன்டி இப்படிப் பண்றே?"

"எனக்குக் கண்ணாடி கிடையாது."

"யாரு சொன்னா?"

"அப்பா சொன்னாரு. பஸ்ல ஏத்திவிடறப்ப காதுல சொன்னாரு. உனக்கு அப்பா மாதிரி கண்ணாடி வராது, சத்தியமான்னு சொன்னாரு. நான் போட்டா அப்பா பொய்யாயிடுவாரு."

இதை நீங்கள் என்னிடம் சொல்லவே இல்லை.

திங்கட்கிழமை டாக்டர் பார்த்தார். இடது கண் டிசம்பரில் இருந்ததைவிடக் கொஞ்சமும் ஏறவில்லை. "நீங்கதானே முடியும்னீங்க" என்று அவர் ஒரு வார்த்தை கேட்டிருந்தால் எனக்குப் பரவாயில்லை. கேட்கவில்லை. மறுபடியும் மார்ச்சில் பார்க்கலாம் என்றார்.

எனக்கு முடியவில்லை. உங்களோடு சண்டை போடக்கூட இப்போது தெம்பில்லை. நான் செய்தது சரியா தப்பா என்று பிறகு பேசலாம், வசந்தத்தில், வேண்டுமானால் வருடம் முழுக்கப் பேசலாம். லென்ஸ் உள்ளே போய்விட்டது. இனி அது வேலை செய்வதும் செய்யாததும் அந்தக் கண்ணாடியில் இருக்கிறது. அவள் என் பேச்சைக் கேட்க மாட்டாள். அவளுக்கு நீங்கள் எழுத வேண்டும்.

பூருல்


கிசில்-பெல்
பிப்ரவரி 15

பூருல்,

பனிச்சரிவு பாதையை மூடிவிட்டது. மோல்தோ மூன்று வாரம் வரவில்லை. உன் கடிதம் முந்தாநாள்தான் வந்தது. இரண்டு தடவை பதில் எழுதிக் கிழித்துவிட்டேன். அவன் இங்கே தங்கியிருக்கிறான், நாளைக் காலை கிளம்புகிறான், அதனால் இதைக் கிழிக்க முடியாது.

ஆமாம், சொன்னேன். அவள் கழுத்தைக் கட்டிக்கொண்டு விடவில்லை. வாயில் வந்ததைச் சொன்னேன்.

உனக்கு ஒன்று சொல்ல வேண்டும். என் இடது கண்ணுக்குப் பார்வை இல்லை. வெளிச்சம், நிழல் தெரியும், ஆள் தெரியாது. வேலையில் சேரும்போது கண் சோதித்த அட்டையை மனப்பாடம் செய்து ஒப்பித்தேன். வெப்பமானியை வலது கண்ணால் மட்டும் பார்க்கிறேன். உன்னை எப்போதும் வலப்பக்கம் நடக்கச் சொல்வேனே, அதற்கும் இதுதான் காரணம். ஆபரேஷனில் கெட்டுப்போனது என்றுதான் என் அம்மாவுக்கே சொன்னேன். ஆபரேஷனில் கெடவில்லை.

மீதியை அவளுக்கு எழுதியிருக்கிறேன். நீயே வாசித்துக் காட்டு. திருத்தாதே.

*

அக்மரல், என் குதிரைக்குட்டி,

அப்பா பேசறேன். உனக்குக் கண்ணாடி வராதுன்னு நான் சத்தியம் பண்ணினேன்ல? அது எனக்குத் தெரியாத விஷயம். தெரியாமலே சத்தியம் பண்ணிட்டேன். அது என் தப்பு, உன் தப்பு இல்ல, அம்மா தப்பும் இல்ல.

நான் சின்னப் பையனா இருந்தப்ப எனக்கும் கண்ணுல ஆபரேஷன் பண்ணாங்க. முதல்ல வலது கண்ணு. அது ஒரு வருஷம் கண்ணாடி போட்டுப் பாத்துப் பழகிடுச்சு. அப்புறம் இடது கண்ணு. அதுக்குள்ள பசங்க என்னை ரொம்பக் கேலி பண்ணாங்களா, எனக்குக் கண்ணாடி மேல கோபம். ஒருநாள் ஸ்கூல் பின்னால ஓடற ஓடைக்குப் போய், ஒரு கல்லைப் புரட்டி, அதுக்குக் கீழ கண்ணாடியை வச்சுக் கல்லை மூடிட்டேன். தண்ணி அடிச்சிட்டுப் போயிடுச்சுன்னு எல்லார்கிட்டயும் சொன்னேன். ஒண்ணரை வருஷம் அப்படியே இருந்தேன். என் இடது கண்ணு பாக்கக் கத்துக்கறதுக்கு வந்து நின்னுச்சு, நான் அதுக்கு எதையும் காட்டவே இல்ல. அது கத்துக்காமலே போயிடுச்சு. புதுக் கண்ணாடி வந்தப்ப அதுக்கு வயசாயிடுச்சு.

கேலி பண்ண பசங்க ஊருக்குப் போயிட்டாங்க, பெரியவங்களாயிட்டாங்க, என்னை மறந்தும் போயிருப்பாங்க. என் கண்ணு மட்டும் அப்படியே இருக்கு.

இதை நான் யார்கிட்டயும் சொன்னதில்ல. உனக்குத்தான் முதல்ல சொல்றேன்.

நீ கண்ணாடி போட்டா அப்பா பொய்யாயிட மாட்டேன். போடலைன்னாதான் எனக்கு அழுகை வரும். போட்டுக்கோ, கண்ணு.

உன் அப்பா


பிஷ்கெக்
மார்ச் 16

அக்மரல் அப்பாவுக்கு,

திருத்தாமல் வாசித்தேன். நடுவில் இரண்டு இடத்தில் நிறுத்த வேண்டியிருந்தது. அவள், "ஏன் நிறுத்தறே, படி" என்று என் முழங்கையைத் தட்டினாள்.

கேட்டு முடித்ததும் ஓடிப்போய்க் கண்ணாடியை மாட்டிக்கொண்டாள் என்று எழுத எனக்கும் ஆசைதான். அப்படி நடக்கவில்லை. "அந்தக் கல்லு எவ்ளோ பெரிசு?" என்று கேட்டாள். தெரியாது என்றேன். "யாரும் எடுத்துக் குடுக்கலையா?" என்றாள். யாருக்கும் தெரியாதே என்றேன். "அப்பா சொல்லியிருக்கலாம்ல" என்று சொல்லிவிட்டு விளையாடப் போய்விட்டாள்.

மூன்றாம் நாள் சாப்பிடும்போது தானாகவே எடுத்து மாட்டினாள். நாங்கள் யாரும் அந்தப் பக்கம் திரும்பவில்லை. நூர்ஜான் அக்கா மாமியார்கூட வாயைத் திறக்கவில்லை, அந்த அம்மாவுக்கு அது எவ்வளவு கஷ்டம் என்று உங்களுக்குத் தெரியாது. சாப்பிட்டு முடித்துக் கழற்றிவிட்டாள். மறுநாளும் அப்படியே. ஒருவாரம் கழித்து, சாப்பிட்ட பிறகு கழற்ற மறந்துவிட்டாள். இப்போது தூங்கும்போது நான்தான் எடுத்து வைக்கிறேன். கண்ணை ஒட்டுவதற்கு மட்டும் இன்னும் தினமும் ஒரு போராட்டம். நேற்று நூர்ஜான் அக்கா மகன் "நாலு கண்ணு" என்றான். "உனக்கு ரெண்டுதான் இருக்கு" என்று சொல்லிவிட்டு வேலையைப் பார்த்தாள்.

முந்தாநாள் பரிசோதனை. வலது கண் நன்றாக இருக்கிறது. இடது கண் அட்டையில் இரண்டு வரி ஏறியிருக்கிறது. இன்னும் வருடக்கணக்கில் ஒட்ட வேண்டும், அளக்க வேண்டும், கண்ணாடி மாற்ற வேண்டும். "நம்ம ரெண்டு பேரும் கிழவியாகற வரைக்கும் பாத்துக்கிட்டே இருப்போம்" என்றார் டாக்டர்.

உங்கள் இடது கண்ணைப் பற்றி அவரிடம் சொல்லிவிட்டேன். இந்தத் தடவையும் கோபித்துக்கொள்ளுங்கள். இடது கண்ணுக்கு இனி செய்வதற்கு ஒன்றும் இல்லையாம். அதை மழுப்பாமல் சொன்னார். ஆனால் வலது கண்ணுக்கு இப்போதும் உள்ளே ஒரு லென்ஸ் வைக்க முடியலாம், பார்த்துத்தான் சொல்ல முடியும் என்றார். இருப்பது ஒரு கண், அதில் கை வைப்பதில் ஆபத்தும் உண்டு என்றார். அப்புறம், "அவரு என்கிட்ட வந்து திட்டட்டும், அப்படியே கண்ணையும் பாத்துடறேன்" என்றார்.

நம் விஷயம். நான் கையெழுத்துப் போட்டது தப்பு என்று இன்றைக்கும் நினைக்கவில்லை. உங்கள் கடிதம் கையில் இருக்கும்போதே போட்டேன் என்பது மட்டும் உறுத்திக்கொண்டே இருக்கிறது. இரண்டையும் ஒன்றாக்கி ஒரு மன்னிப்பு எழுத என்னால் முடியவில்லை.

ஆறு வருடமாக உங்கள் வலப்பக்கம் நடந்திருக்கிறேன். ஒருநாள்கூட ஏன் என்று கேட்கவில்லை. அது என் தப்பு.

பூருல்


கிசில்-பெல்
ஏப்ரல் 11

பூருல்,

பாதை திறந்துவிட்டது. எனக்குப் பதில் ஆள் வந்துவிட்டான். இருபத்தைந்தாம் தேதி வியாழக்கிழமை மோல்தோவோடு இறங்குகிறேன், வெள்ளி மதியம் பிஷ்கெக் மேற்கு பஸ் நிலையத்துக்கு வந்துவிடுவேன்.

மன்னிப்பு எழுத வேண்டாம். எனக்கும் எழுத வரவில்லை.

என் வலது கண் விஷயம் அப்புறம் பார்க்கலாம். இருக்கிற ஒன்றைக் கொடுத்துப் பார்க்க எனக்குப் பயமாக இருக்கிறது. உனக்கும் அந்த அறையில் இப்படித்தானே இருந்திருக்கும். டாக்டரைத் திட்டுவதற்கு வருகிறேன் என்று சொல்.

ஒன்று மட்டும் செய். அவளைப் பஸ் நிலையத்துக்குக் கூட்டி வா. நான் வருவதைச் சொல்லாதே. வாசல் பக்கம் நில்லுங்கள். நான் பஸ்ஸை விட்டு இறங்கி, கையை ஆட்டாமல், கூப்பிடாமல், கூட்டத்தோடு கூட்டமாக நிற்பேன். நீயும் கையைக் காட்டாதே. அவ்வளவு தூரத்தில் உங்கள் இருவரையும் எனக்கு அடையாளம் தெரியாது. அவளே பார்த்து வரட்டும். எவ்வளவு நேரம் ஆனாலும் நிற்கிறேன்.

எசென்குல்